தோன்றா எழுவாய்: நிறுவன இணைப்பும் பேட்டிக்குத் தயாராகும் இயக்குநரும்

1

சில வருஷங்களுக்கு முன்னால் கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் ஒருநாள் முழுக்க நிருபராக நடித்தேன். நிருபர் வேலையை விட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு நூற்பாலைகள் ஒன்றாக இணையப்போவதாக முடிவாகியிருந்தது. சின்ன மில்லின் இயக்குநர் ஒருவர் மறுவாரம் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்க வேண்டும். அவரைத் தயார் செய்ய மெட்ராஸிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். பழைய நிருபர் ஒருத்தர் உட்கார்ந்து எடக்குமடக்காகக் கேள்வி கேட்டால் ஒத்திகை நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். 2,000 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும்.

பங்கு விலை, கடன், புதிய பெயர் என்று முதல் ஐந்தாறு கேள்விகளுக்கு இயக்குநர் நன்றாகவே பதில் சொன்னார். ‘எத்தனை பேருக்கு வேலை போகும்?’ என்று நான் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்தார். “யாருக்கும் போகாதுப்பா. எல்லாம் எங்கப்பா காலத்து ஆளுக. பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.”

ஆலோசகர் கையை உயர்த்தி நிறுத்தினார். “சார், இதை நீங்க சொல்லக் கூடாது. நாளைக்கு நீங்க போர்டுல இருப்பீங்களான்னே தெரியாது. காப்பாத்த முடியாத வார்த்தை.” அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்த தாளிலிருந்து வாசித்தார். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இதைத் தமிழில் சொல்ல வேண்டுமே என்றார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்: ‘இரு நிறுவனங்களின் மனித வளமும் சிறப்பாகப் பயன்படுத்தப்படுவதற்கான வழிமுறைகள் ஆராயப்பட்டு வருகின்றன.’

அவர் அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முதலில் தடுமாறினார். சாயங்காலத்துக்குள் நாக்கு பழகிவிட்டது. டீ குடிக்கும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “தம்பி, இதுக்கு என்னதான் அர்த்தம்?” “வேலை போகலாம்னு அர்த்தம் அண்ணாச்சி.” பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுவாரம் பேட்டி வந்தது. என் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் அச்சாகியிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. அது எங்கிருந்து வந்தது, யாருக்குப் பதிலாக நிற்கிறது என்பதைப் பற்றியது.

2

இயக்குநரின் வாயைப் பழக்குவதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் உண்டு. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 53 பேர் இறந்தார்கள். விபத்தை மறைப்பதுதான் அதுவரை ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த முன்னாள் நிருபர் ஐவி லீ, கம்பெனியே முந்திக்கொண்டு ஒரு அறிக்கை தரட்டும் என்றார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. ‘பிரஸ் நோட்’ என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கமாக இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

அதற்கு ஆறே நாள் முன்பு, அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அதில் போயிற்று. தலைமைப் பங்குதாரர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்தக் கோபத்திலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. ஒரே வாரத்தில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் பணம் போட்டவன் கோர்ட்டு வாசலில் நின்று பதில் கேட்டான். அங்கே கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் தயாரானது. பின்னால் வந்த நூற்றாண்டில் இரண்டாவது வழிமுறைதான் உலகம் பூராவும் பரவியது.

லீயின் கலை முழுமை பெற்றது லட்லோவில். 1914 ஏப்ரல் 20 அன்று, கொலராடோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகளின் கூடாரக் குடியிருப்பைக் காவல்படையினரும் கம்பெனியின் ஆட்களும் தாக்கினார்கள். கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் இறந்தார்கள். அந்தச் சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கையில் இருந்தது. இளைய ராக்ஃபெல்லர் அதன் இயக்குநர்களில் ஒருவர். குடும்பம் லீயைக் கூப்பிட்டது. அவர் கம்பெனி தரப்புச் செய்திகளை வரிசையாக அச்சிட்டுப் பத்திரிகைகளுக்கும் பிரமுகர்களுக்கும் அனுப்பினார். அவற்றில் சில தகவல்கள் தப்பு என்பதும், கம்பெனி கொடுத்ததை அவர் சரிபார்க்கவே இல்லை என்பதும் அரசு நியமித்த விசாரணைக் குழுவின் முன்னால் பிறகு அம்பலமாயின. ஆனால் 1915இல் ராக்ஃபெல்லர் தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், அவர்கள் வீட்டுப் பெண்களோடு நடனமாடினார். படம் பத்திரிகைகளில் வந்தது. குழிக்குள் இறந்தவர்களைப் பற்றிய கேள்வி அந்தப் படத்துக்குப் பின்னால் போயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பயிற்சியைப் ‘பொய் சொல்லப் பழக்குவது’ என்று நாம் சுலபமாகத் தள்ளிவிடுகிறோம். அது பாதிதான் சரி. கிருஷ்ணன்கோவில் ஆலோசகர் அன்றைக்கு ஒரு பொய்யைத் தடுத்தார் என்றும் சொல்லலாம். ‘யாருக்கும் வேலை போகாது’ என்பது அந்தப் பெரியவரால் காப்பாற்ற முடியாத வார்த்தைதான். ஆனால் பொய்யைத் தடுத்த இடத்தில் அவர் உண்மையை வைக்கவில்லை. வாக்குறுதியும் இல்லாத, ஒப்புதலும் இல்லாத ஒரு மொழியை வைத்தார். அதிகாரத்துக்கு இன்று தேவைப்படுவது இந்த மொழிதான். பொய் பிடிபடும். இது பிடிபடாது.

3

நம் பக்கத்துச் சரித்திரத்துக்கு வருவோம். 1943இல் மதுரையில் கருமுத்து தியாகராஜச் செட்டியார் மதுரா வங்கியைத் தொடங்கினார். மீனாட்சி மில்லின் முதலாளி அவர். மில், வங்கி, கல்லூரி என்று உள்ளூர் மூலதனம் தன்னைக் கட்டிக்கொண்ட காலம் அது. உள்ளூர் வங்கி என்றால் ஏழைகளின் வங்கி என்றெல்லாம் கனவு காண வேண்டாம். அதற்கும் குடும்பம் உண்டு, சாதி உண்டு, யாருக்குக் கடன் யாருக்குக் கையை விரிப்பது என்ற கணக்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு முகமும் ஒரு தெருவும் இருந்தன. திட்டுவதற்காவது ஒரு வாசல் இருந்தது.

இணைப்பு அந்த வங்கிக்குப் புதுசு இல்லை. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி சாய்ந்த பிறகு, சின்ன வங்கிகளைப் பெரியவற்றோடு சேர்ப்பது ரிசர்வ் வங்கியின் கொள்கையாயிற்று. 1904இல் தோன்றிய இலஞ்சி வங்கியும், 1933இல் தோன்றிய செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியும் அந்தப் பத்தாண்டில் மதுரா வங்கிக்குள் போயின. தென்காசிப் பக்கத்து ஒரு சிற்றூரின் பெயரில் வங்கி இருந்தது என்பதே இன்றைக்கு ஆச்சரியமாக இருக்கிறது. விழுங்கியதும் ஒருநாள் விழுங்கப்படும் என்பது மூலதனத்தின் எளிய பாடம்.

2000 டிசம்பரில் அந்த நாள் வந்தது. 1994இல் பிறந்த ஐசிஐசிஐ வங்கியோடு மதுரா வங்கி இணையும் என்று இரு போர்டுகளும் அறிவித்தன. மதுரா வங்கியின் 1 பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் 2 பங்கு. 2001 மார்ச்சில் இணைப்பு நடப்புக்கு வந்தது. 57 வயது வங்கியில் 263 கிளைகள், 12 லட்சம் வாடிக்கையாளர்கள், 2,500க்கு மேற்பட்ட ஊழியர்கள். 6 வயது வங்கியில் இதைவிட ஆயிரம் பேருக்கு மேல் குறைவு. கிளைகளில் 80க்கு மேல் கிராமத்தில் இருந்தவை.

அன்றைய செய்திகளில் எந்த எண் மேலே வந்தது, எது கீழே போனது என்பதுதான் நம் வாசிப்புக்கு முக்கியம். மேலே வந்தவை பங்குப் பரிமாற்ற விகிதம், சொத்து மதிப்பு, கிளை எண்ணிக்கை, தொழில்நுட்பம். அறிவிப்புக்கு முந்திய நாட்களில் மதுரா வங்கிப் பங்கு விலை ஏறியதால், உள்தகவல் தெரிந்தவர்கள் வாங்கினார்களா என்ற கேள்வியும் எழுந்தது. எல்லாமே பங்கு வைத்திருப்பவனின் கேள்விகள். ஊழியர் சங்கங்கள் இணைப்பை எதிர்த்தன. அவர்களுக்கு வங்கித் தொழில் முழுமைக்குமான ஊதிய ஒப்பந்தம் இருந்தது, பதவி உயர்வுக்கு ஒரு வரிசை இருந்தது. போய்ச் சேரும் இடத்தில் அந்த மரபே கிடையாது. இது ‘கலாச்சார வேறுபாடு’ என்ற பெயரில் மேலாண்மைப் பாடப்புத்தகங்களுக்குள் போயிற்று. சம்பளமும் சங்கமும் கலாச்சாரமாக மாறிய விந்தையைப் பாருங்கள். 2003இல் ஐசிஐசிஐ வங்கி முன்கூட்டியே ஓய்வு பெறும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

இன்னொரு சேதி. மதுரா வங்கி 1990களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்களின் சுய உதவிக் குழுக்களை உருவாக்கிக் கடன் கொடுத்து வந்தது. ஆயிரத்துக்கும் மேல் குழுக்கள். இணைப்பு நேரத்துப் பேச்சில் இந்தப் பெண்களுக்குப் பெரிய இடம் இல்லை. பிற்பாடு ஐசிஐசிஐ வங்கி இந்த வேலையைப் பல மடங்கு பெருக்கியது. சி. கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட, உலகெங்கும் பேசப்பட்ட புத்தகத்தில் அது ஓர் எடுத்துக்காட்டாயிற்று. ஆக, பேசாமல் விட்டது மதிப்பில்லாதது என்பதால் அல்ல. யாருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லையோ அவர்கள் கேள்வித்தாளில் வருவதில்லை, அவ்வளவுதான்.

4

ஏன் பதில் சொல்ல வேண்டியதில்லை? சட்டத்தைப் பார்ப்போம். 1949ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவுப்படி, இரு வங்கிகள் தாமாக இணைய வேண்டுமானால் ஒவ்வொன்றின் பங்குதாரர்களும் கூட்டம் போட்டு ஒப்ப வேண்டும். வந்தவர்களில் பெரும்பான்மையும், பங்கு மதிப்பில் மூன்றில் இரண்டும் வேண்டும். அப்புறம் ரிசர்வ் வங்கியின் ஒப்புதல். பணம் போட்டவனுக்கு ஓட்டு கிடையாது. கவுண்டரில் நிற்கிறவருக்கு ஓட்டு கிடையாது. குழுவில் கடன் வாங்கிய பெண்ணுக்குக் கிடையாது.

ஓட்டு இல்லாதவர்களை நோக்கி நிறுவனம் பேசும் ஒரே பொது இடம் பத்திரிகைப் பேட்டி. ஓட்டுக்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைப்பது வார்த்தை மட்டுமே. அந்த வார்த்தையையும் உள்ளே ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்குத்தான் விடுதியில் ரூம் போட்டு ஒருநாள் முழுக்க ஒத்திகை. பேட்டிக்குத் தயார் செய்வதை வெறும் விளம்பரத் தந்திரமாகப் பார்க்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நியாயமான மௌனமும் உண்டு, மறுக்கவில்லை. இணைப்பு பற்றி அறிவிப்புக்கு முன்னால் இயக்குநர் ஒருத்தர் வாய் விட்டால் தெரிந்தவன் சம்பாதிப்பான், தெரியாத சின்ன முதலீட்டாளன் ஏமாறுவான். 1992இலும் பின்பு 2015இலும் செபி கொண்டுவந்த உள்தகவல் வணிகத் தடை விதிகள் இதற்குத்தான். ஆனால் போர்டு முடிவெடுத்து, பங்குச் சந்தைக்குத் தெரிவித்த பிறகும் ஆலோசகர்கள் அதே பூட்டை நீட்டிக்கிறார்கள். பங்கு விலைக்கான மௌனம், ஆள்குறைப்புக்கான மௌனமாக வேஷம் மாறுகிறது.

இதில் ஒரு ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. காலாண்டு முடிவுகளை ஒட்டி முதலீட்டாளர்களோடு நடத்தும் உரையாடலின் ஒலிப்பதிவையும் எழுத்துவடிவையும் பட்டியலிட்ட கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2021இல் செபி விதி செய்தது. அங்கே ‘செலவு எவ்வளவு குறையும்?’ என்று கேட்டால் கோடிக்கணக்கில் எண் சொல்கிறார்கள். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ளூர் நிருபரிடம் தமிழில் சொன்னதை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. ஒரே வாய்தான். ஒரு காதுக்கு எண், இன்னொரு காதுக்கு ‘ஆராயப்பட்டு வருகிறது.’

வார்த்தையை நம்பி ஒன்றும் ஆகாது என்பதற்கு கரூரைப் பார்க்கலாம். 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்சோடு இணைவதாக அறிவித்தது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் 7 இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 17 அன்று அரசு தடைக்காலம் விதித்தது. ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியுடைய இந்தியக் கிளை நிறுவனத்தோடு வங்கி சேர்ந்தது. இந்த வகை இணைப்பு 45ஆம் பிரிவின் கீழ் வருவது. பங்குதாரர் ஓட்டே வேண்டாம். பங்கு மூலதனம் முழுவதையும் அடித்துவிட்டார்கள். ஆனால் டெபாசிட் பத்திரமாக இருந்தது, ஊழியர்கள் அதே ஊதியத்தோடும் நிபந்தனைகளோடும் தொடர்வார்கள் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. எந்த இயக்குநரின் பேட்டியும் அவர்களைக் காக்கவில்லை, எழுத்தில் இருந்த ஒரு ஷரத்துதான் காத்தது. பேட்டியில் நாம் தேட வேண்டியது ஆறுதலை அல்ல, எழுத்துக்குக் கொண்டுபோகக் கூடிய ஒரு வரியை.

5

மறுபடி என் வாக்கியத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ‘தோன்றா எழுவாய்’ படித்திருப்போம். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ வெளியே தெரியாது. ஆனாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் வினை செய்தவன் முழுசாக ஒளிந்துகொள்வது கஷ்டம். ‘எடுத்தோம்’ என்றால் நாங்கள், ‘எடுத்தார்’ என்றால் அவர். இந்தக் காட்டிக்கொடுத்தலிலிருந்து தப்பிக்க ஒரு வழி ‘படு’. ‘வழிமுறைகள் ஆராயப்பட்டு வருகின்றன’ என்ற வாக்கியத்தில் வழிமுறைகள் எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆராய்கிற ஆள் காணாமல் போகிறார். செயப்பாட்டுவினை நம் இலக்கணத்தில் நெடுங்காலமாக இருப்பதுதான். ஆனால் இவ்வளவு செழித்தது கோர்ட்டு, கச்சேரி, கம்பெனி மொழிபெயர்ப்புகளில். பேச்சில் நாம் இதை அநேகமாகத் தொடுவதே இல்லை. ‘என் பை திருடப்பட்டது’ என்று எந்த மனுஷன் அலறுகிறான்? ‘எவனோ என் பையைத் தூக்கிட்டான்’ என்றுதான் கத்துவான். ஆள் தெரியாவிட்டாலும் ‘எவனோ’ என்று ஒரு எழுவாயை நிறுத்திவிட்டுத்தான் தமிழ் பேசுகிறது.

ஆகவே இயக்குநரைத் தயார் செய்கிறவர்கள் இருக்கும்போது, கேட்பவரைத் தயார் செய்வது யார் என்பதே நம் முன்னால் இருக்கும் வேலை. உள்ளூர் நிருபர், சங்கத்துக்காரர், சிறுபத்திரிகைக்காரர் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. சில யோசனைகள்.

கேள்வியைப் பேச்சுத் தமிழில் கேட்க வேண்டும். ‘பணியாளர் சீரமைப்பு உண்டா?’ என்று கேட்டால் அதே மொழியில் பதில் வழுக்கி வரும். ‘எத்தனை பேரை நிறுத்துவீங்க, யார் முடிவு பண்ணுவா, எந்தத் தேதிக்குள்ள?’ என்று கேட்டால் ஆள், எண், நாள் மூன்றும் வெளியே நிற்கும். பதில் வரவில்லை என்றால் கேள்வியையும் சேர்த்து அச்சிட வேண்டும். பதில் இல்லாத கேள்வி அச்சில் ஏறினால் அதுவே ஒரு செய்தி.

முதலீட்டாளர்களிடம் சொன்னதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். அங்கே சொன்ன சேமிப்புத் தொகையை இங்கே எடுத்து வைத்து, ‘இந்தப் பணம் யார் சம்பளத்திலிருந்து வருது?’ என்று கேட்கலாம். வங்கி அல்லாத கம்பெனிகளின் இணைப்பு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. அந்தத் திட்டத்தோடு அனுப்பும் விளக்க அறிக்கையில் இயக்குநர்களுக்கு அதில் என்ன பலன், ஊழியர்கள் மேல் என்ன விளைவு என்று சொல்லியாக வேண்டும் என்பது 2016இன் விதி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நிறுவனம் கை மாறும்போது வேலை தொடர்ச்சி அறாமல், நிபந்தனை குறையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்குறைப்புக்கான நஷ்டஈடு தர வேண்டும் என்று பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது. 2020இன் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. ‘இது உங்க திட்டத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?’ என்பது கூர்மையான கேள்வி. அதற்கு ஒத்திகை பார்த்த பதில் கிடையாது. பக்க எண் இருக்கும், அல்லது இருக்காது.

இதெல்லாம் பெரிய புரட்சி ஒன்றுமில்லை என்று தோழர்கள் சிரிக்கலாம். சரிதான். மூலதனம் சேர்வதைப் பேட்டியில் கேள்வி கேட்டு நிறுத்திவிட முடியாது. ஆனால் பின்னால் சங்கம் தகராறு எழுப்பும்போது கையில் ஒரு தேதியும் ஒரு பெயரும் இருப்பதற்கும், ‘ஆராயப்பட்டு வருகின்றன’ மட்டும் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இணைப்புக்கு ஒன்றரை வருஷம் கழித்து சின்ன மில்லில் மூன்றாம் ஷிஃப்ட் நின்றது. அந்தப் பெரியவர் அப்போது போர்டில் இல்லை. ஆலோசகர் அவரிடம் சொன்னது பலித்திருந்தது. மில் வாசல் பலகையில் ஒட்டிய தாளை நானும் போய்ப் பார்த்தேன். ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மூன்றாம் ஷிஃப்ட் நிறுத்தப்படுகிறது.’ என் கையெழுத்தைப் பார்ப்பது போல இருந்தது. ரீலிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு அம்மா தூக்குவாளியோடு பக்கத்தில் நின்றார்கள். வாசிக்கத் தெரியாது போலிருக்கிறது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டார்கள், வாசித்துச் சொன்னேன்.

“சரிய்யா, யாரு நிறுத்துனாகளாம்?” என்றார்கள்.

தாளில் அது இல்லை.